முளையும் ஜெர்மினேஷனும்: சிறார்க்குரிய தமிழ் அறிவியல் ஏட்டிலிருந்து இணையத்துக்கு வந்த வழி



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலையில், தொடக்கநிலை மூன்றில் பயிலும் பேத்தியை அழைத்துக்கொண்டு தேக்கா சந்தைக்குச் சென்றிருந்தோம். காய்கறிக் கடையொன்றில் முளைகட்டிய பச்சைப் பயறு குவித்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுட்டி, "இது என்ன, தெரியுமா?" என்று கேட்டோம். "பீன் ஸ்ப்ரவுட்ஸ், தாத்தா. ஜெர்மினேஷன் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறேன்" என்றாள். விதைக்கு நீரும் காற்றும் தக்க வெப்பமும் வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் பிழையின்றிச் சொன்னாள். 'முளை' என்ற சொல்லை மட்டும் அவள் அறிந்திருக்கவில்லை. உடன் வந்த பாட்டிக்கோ வாரந்தோறும் பயறு முளைகட்டிப் பழக்கம். ஆனால் பேத்தி சொன்ன சொல் அவருக்குப் புரியவில்லை. ஒரே பயற்றைப் பற்றி இருவரும் நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவைப் பரிமாறிக்கொள்ள அவர்களிடையே ஒரு சொல் இல்லை.

இவ்வுரையின் பொருள் அந்த ஒரு சொல்தான். தொடக்கப் பள்ளிச் சிறார்க்கு அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சி எங்கே தொடங்கிற்று, சிங்கப்பூரில் அது எவ்வாறு அறுபட்டது, இணையம் வந்தபின் அதன் நிலை யாது என்பவற்றைக் காண்போம்.

எம் மூத்த தமக்கையார் 1950களின் பிற்பகுதியில் சிராங்கூன் சாலைக்கு அருகிலிருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் பயின்றவர். அவருடைய இயற்கைப் பாட ஏடு ஒன்று இன்றும் எம்மிடம் உள்ளது. அதில் அவரை விதை முளைக்கும் நிலைகளை மூன்று படங்களாக வரைந்து, முளைவேர், முளைக்குருத்து, விதையிலை எனப் பெயர் குறித்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் பச்சையம், கரியமிலவாயு என்னும் சொற்கள் உள்ளன. அந்நாளில் இத்தீவின் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட நூல்களே வழங்கின. நெல்வயலைக் கண்டறியாத பிள்ளைகள் நெல்லின் வளர்ச்சியைப் படித்தனர். அது ஒரு குறையே. எனினும் அறிவியல் என்பது வீட்டு மொழியில் பேசத்தக்க ஒன்று என்பதில் அப்பிள்ளைகளுக்கு ஐயம் எழவில்லை.

அப்பள்ளிகளின் கதையை நீங்கள் அறிவீர்கள். நோரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷனும், வேறிடங்களில் பிற அமைப்புகளும், தோட்டங்களை ஒட்டித் தனி மனிதர்களும் பள்ளிகள் நடத்தினர். 1946ஆம் ஆண்டு கடையநல்லூர் முஸ்லிம் சமூகத்தினர் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைக் கல்வியையும் தமிழிலேயே அளித்தது. ஆங்கிலக் கல்வியே வேலைக்கு வழி என்று பெற்றோர் கருதியமையால் மாணவர் தொகை ஆண்டுதோறும் சுருங்கியது. 1982இல் உமறுப்புலவர் பள்ளியும் மூடப்பட்டபோது, இந்நாட்டில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளி எதுவும் எஞ்சவில்லை. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டன. 1983இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அங்குக் கற்பிக்கப்படுவது மொழிப்பாடம். அறிவியல், தமிழ் வகுப்பறையை விட்டு வெளியேறி விட்டது.

இம்மாற்றத்தைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. ஆங்கிலவழிக் கல்வியால் நம் சமூகம் அடைந்த பயன் கண்கூடு. ஆயினும் ஒரு விளைவை மொழியியலார் என்ற முறையில் சுட்ட வேண்டியுள்ளது. ஒரு மொழி பள்ளியில் இலக்கியத்தையும் பண்பாட்டையும் மட்டுமே பேசுமாயின், பண்டிகைக்கும் பாட்டிக்கும் உரிய மொழி அது என்று குழந்தை எண்ணத் தொடங்குகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 விழுக்காடு. இச்சரிவுக்குக் காரணங்கள் பல. பேசுவதற்குரிய பொருள்கள் குறைந்து போனமையும் அவற்றுள் ஒன்றென்றே கருதுகிறோம்.

இனிச் சொற்களின் வரலாற்றுக்கு வருவோம். தமிழில் தற்கால அறிவியலைப் பாடமாக நடத்திய முன்னோடிகளுள் தலையாயவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடலமைப்பு, அறுவை, வேதியியல் முதலிய துறைகளில் தாமும் தம் மாணவரைக் கொண்டும் பெருநூல்களை வெளியிட்டார். சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை இன்றும் நோக்கத்தக்கது: முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப ஆக்கிக்கொள்வது. 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கில வேரும் தமிழ் ஈறும் கூடிய இச்சொல் நிலைக்கவில்லை. இலங்கையில் இரசாயனவியலும் தமிழ்நாட்டில் வேதியியலும் நிலைத்தன. (எமக்கு அந்தக் 'கெமிஸ்தம்' மீது ஒரு தனிப் பற்று உண்டு என்பதை மறைப்பானேன்?)

தமிழ்நாட்டில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் சொல்லாக்கத்துக்கென ஒரு கழகம் அமைத்து இதழும் நடத்தினர். பிற்காலத்தில் அவரே வேதியியலைத் திண்ணைப் பேச்சாக்கித் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். பெ. நா. அப்புசாமி வாழ்நாள் முழுதும் அறிவியற் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். ஆனால் சிறுவர்க்கென்றே திட்டமிட்டுச் செய்த பெரும்பணி ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையே சொல்வோம். அதன் நடையை ஆசிரியர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். கலைச்சொல்லை முதலிலேயே வீசாமல், பொருளைக் காட்டி, அது செய்யும் வேலையைச் சொல்லி, பின்னரே பெயரிடும் நடை அது. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கிய 'துளிர்' மாத இதழ் அந்நடைக்குச் சோதனையும் விளையாட்டும் சேர்த்தது.

இத்தனையும் அச்சில் இருந்தன. கடல் கடந்து இங்கு வந்த படிகள் சில. இந்நிலையில்தான் இணையம் வந்தது. அதில் தமிழ் ஏறிய வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஒரு தனியிடம் உண்டு. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பின் இணையப் பக்கங்களில் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் இடம்பெற்றன. தமிழ் எழுத்துகளை அங்கே தோன்றச் செய்தவர், எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவர்களோடு இணைந்து அவர் ஆற்றிய பணி, 1997 மே மாதம் இங்கே நடைபெற்ற முதல் தமிழிணைய மாநாட்டுக்கு வழியமைத்தது. 1999இல் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயதே ஆகியிருந்தது. இணையத்தில் தமிழ் கவிதையோடு தொடங்கியது என்பதில் நமக்குப் பெருமையே. ஆனால் அன்று தொடங்கிய சாய்வு நெடுநாள் நீடித்தது. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கும் அரும்பணியைச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் கூடி முடித்தன. நம் பழைய தமிழ்ப் பள்ளிகளின் பாட ஏடுகளைத் தேடித் தொகுக்க அதுபோல் ஒரு முயற்சி எழவில்லை.

தொடக்கத்தில் பெருந்தடையாக இருந்தது எழுத்துரு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் குப்பையாகத் தெரிந்தது. தேடற்பொறியில் 'காந்தம்' என்று தட்டினால், வேறு குறியேற்றத்தில் எழுதப்பட்ட காந்தம் அகப்படாது. யூனிகோடு பரவிய பின்னரே இத்தொல்லை நீங்கியது. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தன் மின்னூலகத்தில் கலைக்களஞ்சியத் தொகுதிகளை ஏற்றியது; 2003 செப்டம்பரில் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவை, யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட இ. மயூரநாதன் முதலாண்டில் ஏறத்தாழ ஒருவராகவே வளர்த்தார். புனேயிலிருந்து அரவிந்த் குப்தா, எறியப்படும் பொருள்களைக் கொண்டு செய்யும் அறிவியற் பொம்மைகளைத் தம் தளத்தில் இலவசமாக வைத்தார். அவற்றின் விளக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியைக் காட்டினால் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் சிறு அறிவியற் கதைகள் தமிழில் உள்ளன. எவரும் அவற்றைப் பெறலாம், மொழிபெயர்க்கலாம்.

ஆகவே வளம் இல்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை. 2018 முதல் நம் பள்ளிகள் அனைத்திலும் பயன்பாட்டுக்கு வந்த சிங்கப்பூர் மாணவர் கற்றல் தளமும் இருக்கிறது. அதில் அறிவியல் ஆங்கிலத்தில், தமிழ் தமிழில். இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவில்லை என்பதே சிக்கல்.

இங்கே எம் மதிப்பீட்டையும் சொல்லி விடுகிறோம். தமிழில் கிடைக்கும் காணொளிகளுள் பல, தேர்வுக்கு விடை தருவதற்கென்றே செய்யப்பட்டவை. பாடநூல் வரிகளை ஒருவர் விரைந்து படிக்க, பின்னால் படங்கள் ஓடும். ஒன்பது வயதுக் குழந்தை, அதுவும் தமிழை ஒரு மணி நேர வகுப்பில் மட்டும் கேட்கும் குழந்தை, அதில் இரண்டாம் மணித்துளியிலேயே வழிதவறி விடும். அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் அப்படியல்ல. கை செய்வதைக் கண் காண்கிறது. சொல் பின்னால் வருகிறது. உறிஞ்சு குழல் ஒன்றை வெட்டி ஊதலாக்கி, நீளத்தைக் குறைக்கக் குறைக்க ஓசை கூர்மையாவதைக் கேட்ட பிள்ளைக்கு 'அதிர்வு' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள், அதை விடாது.

மற்றொரு சிக்கல் எம் துறைக்கு உரியது. அச்சுக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடநூல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும், சென்னைப் பாடநூல் சென்னைப் பிள்ளைக்கும் சென்றது. இணையத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. தமிழ்நாட்டு நூலில் ஒளிச்சேர்க்கை. இலங்கை நூலில் ஒளித்தொகுப்பு. அங்கே செரிமானம்; இங்கே சமிபாடு. காந்தத்தின் துருவம் கடல் தாண்டினால் முனைவு ஆகிறது. ஆக்சிஜனும் ஒட்சிசனும் ஒரே வளி என்பதைப் பெரியவர்க்கே சிலபோது விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடற் பக்கங்களில் இதுபற்றி நடந்த வழக்குகள் பல. இவ்விரு மரபும் தத்தம் நெறியில் முறையானவையே. 'ஒட்சிசன்' தமிழ் எழுத்துக்குள் அடங்க முயல்கிறது. 'ஆக்சிஜன்' உலகம் ஒலிப்பதை ஒட்டி நிற்க முயல்கிறது. கிறீன் காலத்திலிருந்தே உள்ள இழுபறி இது.

சிங்கப்பூர் ஆசிரியர் எதைக் கொள்வது? இங்கு அறிவியற் பாடம் தொடக்கநிலை மூன்றில் தொடங்குகிறது. முதல் ஈராண்டுகளில் வரும் பொருள்கள் உயிர்களின் வகை, வாழ்க்கைச் சுழற்சி, தாவர உறுப்புகள், செரிமானம், காந்தம், ஒளி, வெப்பம் போன்றவை. இவற்றுக்கு வேண்டிய சொற்களுள் பெரும்பகுதி கலைச்சொற்களே அல்ல. வேர், தண்டு, இலை, முட்டை, புழு, நிழல், இரைப்பை என வீட்டில் வழங்கியவை. ஆக்சிஜனைப் பற்றிச் சண்டையிடுமுன் வேரையும் தண்டையும் மீட்கலாம். அதற்குத் தமிழாசிரியர் அறிவியல் ஆசிரியராக வேண்டியதில்லை. அவ்வாரம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்ன படித்தார்கள் என்று கேட்டறிந்து, அதே பொருளைப் பற்றி ஒரு பத்துமணித்துளி தமிழில் பேச வைத்தால் போதும். படமும் காணொளியும் இணையம் தரும். எந்தக் காணொளியானாலும் ஒலியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளையே தமிழில் விளக்கச் சொல்வது எமக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த பயன்பாடு. தவறான சொல் வரும். ஆங்கிலச் சொல் இடையில் வரும். வரட்டும்.

தேக்காவிலிருந்து திரும்பிய அன்று மாலை, பாட்டியின் கைப்பக்குவத்தில் ஒரு பிடி பயறு ஈரத்துணியில் கட்டப்பட்டது. மறுநாள் துணியைப் பிரித்ததும் பேத்தி கத்திய கத்தலில் அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தனர். தமக்கையாரின் பழைய ஏட்டை எடுத்துக் காட்டினோம். அவள் அந்த அவரைப் படங்களோடு பயற்றை ஒப்பிட்டு, முளைவேரைத் தானே கண்டுபிடித்தாள். பின்னர்த் தட்டைக் கணினியில் தேடி, இலங்கைப் பாடம் ஒன்றில் 'வித்திலை' என்றிருப்பதையும், ஏட்டில் 'விதையிலை' என்றிருப்பதையும் கண்டு, எது சரி என்று கேட்டாள். இரண்டும் சரியென்றோம். அவளுக்கு அது நிறைவளிக்கவில்லை. "அப்படியென்றால் பாட்டி என்ன சொல்வார்?" என்றாள். பாட்டி, "பருப்பு" என்றார். மூன்றையும் எழுதிக்கொண்டாள்.