யானையின் பாதமும் ஜீப்பின் கியரும்

கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் ஜீப்புக்கு எவ்வளவு பெரிய டயர் போடுவது, டயர் பெரிதானால் கியர் விகிதத்தை எவ்வளவு தாழ்த்துவது என்பது பட்டறைகளில் பேசித் தீராத விஷயம். பொதுவாக அதை வண்டிப் பித்து பிடித்தவர்களின் பொழுதுபோக்குக் கணக்காகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தமான் காடுகளில் 1883 முதல் 2002 வரை நடந்த மரத்தொழிலின் கதையை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு படித்தால், வேறு வழியில் பிடிபடாத சில உண்மைகள் பிடிபடுகின்றன. மெல்ல மிதித்து மெல்ல இழுக்கிற சாதனம் மட்டுமே கையில் இருந்த வரையில் அந்தக் காட்டுக்குள் சாலை தேவைப்படவில்லை. காற்று கெட்டியாக அடைத்த லாரி டயர் வந்த பிறகுதான் சாலை இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. சாலையோடு சேர்ந்து வந்த சிக்கல்கள் இன்றும் அங்கே தீர்ந்தபாடில்லை.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கினால் வடகிழக்கு மழையும் சேர்ந்து டிசம்பர் வரை இழுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தரை காய்ந்திருக்கும் என்று நம்பலாம். அடியில் பெரும்பாலும் மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய படிவம். அது மக்கிக் களிமண்ணாகிறது. ஒரு மழை பெய்தால் மேலே இரண்டு விரற்கடை வழுக்கல், கீழே கெட்டி. சரிவுகளை விட்டு இறங்கினால் அலையாத்திக் காடு சூழ்ந்த உப்புக்கழிகள். அங்கே சேற்றுக்கு அடியே தெரியாது. இந்த இரண்டு வகைச் சகதிக்கும் ஒரே டயர் ஒத்துவராது. மேலோட்டமான வழுக்கலை அறுத்துக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்க ஒடுக்கமான டயர் வேண்டும். ஆழச் சேற்றில் அமிழாமல் மிதக்க அகலமான டயர் வேண்டும், அதிலும் காற்றை இறக்கிக்கொண்டு. தீவின் ஒரே சரிவில், ஒரு மைல் தூரத்துக்குள், இரண்டு தேவையும் வந்துவிடும். எந்தச் சக்கரத்துக்கும் இது சங்கடமான நிலம்.

போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது 1858இல். கால் நூற்றாண்டு கழித்து, 1883இல், வனத்துறை தொடங்கியது; அதே ஆண்டில் சாத்தம் தீவில் மர அறுவை ஆலையும் வந்தது. வேங்கையின் நெருங்கிய உறவான படாக், உயர்ந்து நேராக வளரும் குர்ஜன் ஆகியவை வெட்டப்பட்டன. வெட்டுவதற்குக் கைதிகள் இருந்தார்கள். பிற்பாடு சோட்டா நாகபுரியிலிருந்து ராஞ்சிக்காரர்களும், 1925இல் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்களும் காட்டு வேலைக்கு வந்தார்கள். வெட்டிய மரத்தை இழுத்துவர யானை. இந்தத் தீவுகளில் யானை இயற்கையாக இருந்ததே இல்லை. ஒவ்வொன்றும் கப்பலேறி வந்தது. ஆனைமலையில் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர் வந்ததே மலை உச்சியிலிருந்து தேக்கைச் சரித்துவிட்டதால்தான். அங்கே யானை இழுத்தது பாதி, மலைச்சரிவு இழுத்தது பாதி. அந்தமானில் அவ்வளவு உயரமும் இல்லை, அவ்வளவு நேரான சரிவும் இல்லை. வெட்டிய இடத்திலிருந்து டிராம் தண்டவாளம் வரைக்கோ கழி வரைக்கோ யானைதான் இழுத்தாக வேண்டும். அதன் பிறகு கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி நீரிலேயே சாத்தமுக்குக் கொண்டுபோவார்கள்.

யானையின் பாதத்தை டயராக எண்ணிப் பார்க்கலாம். முன்பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வரும் என்பது பாகர்கள் வழிவழியாக வைத்திருக்கும் அளவு. ஆசிய யானைக்கு அது பெரிதும் பொருந்துகிறது. 2.4 மீட்டர் உயரமுள்ள யானையின் பாதச் சுற்றளவு அப்படியானால் 1.2 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 1150 சதுர சென்டிமீட்டர். மூன்று டன் எடையை நான்கு பாதங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.65 கிலோ. நடக்கையில் இரண்டே கால்கள் ஊன்றியிருக்கும் கணத்தில்கூட 1.3 கிலோவைத் தாண்டாது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்றடைத்த ஜீப் டயர் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே அழுத்துகிறது. 90 பவுண்டு அடைத்த சுமைலாரி டயர் ஆறு கிலோவைத் தாண்டுகிறது. அதோடு, பாதம் ஊன்றும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். அதனால் சேற்றிலிருந்து எளிதாகப் பிடுங்கிக்கொள்ளும். சுழலும் சக்கரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை அது வழுக்கத் தொடங்கினால் தனக்குத்தானே குழி பறிக்கும்.

மற்றப் பாதிக் கணக்கு கியர். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் முதல் கியர் 2.665, தாழ்நிலைப் பரிமாற்றப் பெட்டி 1.97, ஆக்சில் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25.6. அதாவது எஞ்சின் 25.6 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 71 சென்டிமீட்டர் உயரமுள்ள 6.00-16 டயரோடு, எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது வண்டி மணிக்கு ஐந்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பின்னாளில் மகிந்திரா இந்தியாவில் தயாரித்த சிஜே-3பி மாதிரியில் 2.798, 2.46, 5.38, பெருக்கினால் 37. அதே டயரில், அதே எஞ்சின் வேகத்தில், மணிக்கு 3.6 கிலோமீட்டர். கட்டை இழுக்கும் யானையின் நடையும் ஏறக்குறைய அதுதான். ஜீப்பைத் திருத்திக்கொண்டே போன பொறியாளர்கள் யானையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பிடிப்பில்லாத நிலத்தில் இழுக்க ஏற்ற வேகம் நடைவேகமே என்ற முடிவுக்குத்தான் அவர்களும் வந்து சேர்ந்தார்கள். இதே வண்டியில் சேற்றுக்குப் பயந்து 80 சென்டிமீட்டர் டயரை மாட்டுங்கள்: அடியில் தரை இடைவெளி கூடும், அழுத்தமும் குறையும், ஆனால் தரையில் இழுக்கும் விசை ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். அதைத் திரும்பப் பெற ஆக்சிலை 5.38இலிருந்து 6க்கு மேல் கொண்டுபோக வேண்டும். பாதத்தை மட்டும் பெரிதாக்கி நடையை மாற்றாமல் விட்டால் வாங்கியதில் பாதி வீண்.

இங்கே ஒரு மறுப்பு எழும். யானையை இவ்வளவு காலம் வைத்திருந்தது நிலத்தின் கணக்கால் அல்ல, மலிவு என்பதால்தான். கைதிகளின் கூலியற்ற உழைப்பும் பழைய பழக்கமும் சேர்ந்து இயந்திரத்தைத் தள்ளிவைத்தன என்று சொல்லலாம். கைதிகளைப் பற்றி அது சரி. யானையைப் பற்றிச் சரியல்ல. கடல் தாண்டி ஏற்றிவந்து, பாகனையும் துணையாளையும் வைத்து, நோய் பார்த்து, ஆண்டில் பல மாதம் வேலையில்லாமலும் தீனி போட வேண்டிய விலங்கு மலிவானது அல்ல. பழக்கம்தான் காரணம் என்றால் சுதந்திரத்துக்குப் பின் வந்த தனியார் கம்பெனி அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். 1951இல் வடக்கு அந்தமான் காட்டைக் குத்தகைக்கு எடுத்த பி.சி. ரே கம்பெனி லாப நட்டம் பார்க்கத் தெரியாத நிறுவனம் அல்ல. அதுவும் யானைகளைத்தான் கொண்டுவந்தது. 1962இல் தொழில் படுத்தபோது ஏறத்தாழ நாற்பது யானைகளை இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுப்போனது. பராமரிப்பது மலிவு என்றால் யாரும் அப்படி விட்டுப்போவார்களா? செலவு அதிகம் என்று தெரிந்தும் வாங்கியிருக்கிறார்கள் என்றால், அந்தச் சரிவுகளில் அந்த வேலையைச் செய்ய அதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

சங்கிலிப்பட்டை மேல் ஓடும் டிராக்டர் என்ன குறை என்று அடுத்துக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் தரை அழுத்தம் அரைக் கிலோ அளவில், நிற்கிற யானையைவிடக் குறைவாகவே இருக்கும், கியரும் தாழ்ந்தது. ஆனால் பட்டையின் பற்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் மேல்மண்ணையும் வேரையும் உழுதுவிடும்; அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகும். தூரத்துக்கும் அது உதவாது. காட்டுக்குள்ளிருந்து இழுத்து ஓரிடத்தில் குவிக்கலாம். அங்கிருந்து எடுத்துப்போக லாரிதான் வர வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தும் லாரிக்குக் களிமண் போதாது, கல் வேண்டும். கல்லுக்குக் குவாரி வேண்டும், கட்டுமானத்துக்குக் கடற்கரை மணல் வேண்டும். தரையை அதிகம் அழுத்தாத முதல் இயந்திரம், அதிகம் அழுத்துகிற இரண்டாவது இயந்திரத்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது.

போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் பக்கம் போகும் அந்தமான் நெடுஞ்சாலை மரத்துக்காக மட்டுமே போடப்பட்டது என்று சொன்னால் அது மிகை. 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்குப் பின் தமிழகம், கேரளம் என்று பல பக்கங்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் படகை விட்டால் வழியில்லாமல் இருந்தது. நோயாளிக்கும் விளைபொருளுக்கும் வழி வேண்டும். பாதுகாப்புக் காரணமும் உண்டு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், சாலை எந்தத் தடத்தில், எந்தத் தரத்தில் போக வேண்டும் என்பதை மனிதர்களின் தேவை மட்டும் முடிவு செய்யவில்லை. குடியிருப்புகள் பெரும்பாலும் கழிகளையும் கடலையும் ஒட்டியவை. படகுப் போக்குவரத்தைப் பெருக்கியும் அவற்றை இணைத்திருக்கலாம். காட்டின் நடுவே, ஜாரவா பழங்குடியினரின் ஒதுக்கிடத்தை ஊடறுத்துக்கொண்டு, கனரக வண்டி தாங்கும் சாலையைப் போட்டதில் மரத்தின் பங்கை மறைக்க முடியாது. ஜாரவாக்கள் அந்தச் சாலையை அம்பெய்து எதிர்த்தார்கள்.

தான் அமைத்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் பிறப்பித்த உத்தரவு இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒரே தாளில் வரிசையாகத் தொட்டது: வணிக மரவெட்டுக்குத் தடை, மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைத்தல், ஜாரவா பகுதியை ஒட்டிய சாலையை மூடுதல். மரவெட்டு நின்றது, ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின, யானைகளுக்கு வேலை போயிற்று. ஹேவ்லாக்கில் கடலில் நீந்திப் புகழ்பெற்று 2016இல் இறந்த ராஜன் அப்படி வேலையிழந்த யானைதான். சாலை மட்டும் மூடப்படவில்லை. ஜிர்காதாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை இன்றும் வண்டிகள் குறித்த நேரத்தில் காவலோடு அணிவகுத்தே போகின்றன. முந்தக் கூடாது, நிற்கக் கூடாது. அந்த வரிசையில் போகிறவனுக்கு உயர்ந்த கியராலும் பயனில்லை, பெரிய டயராலும் பயனில்லை. சாலையை விட்டு விலகிப் பாக்குத் தோட்டத்துக்கோ மலையோரக் குடியிருப்புக்கோ ஏறும் மண் தடத்தில்தான் பழைய கணக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே மழைக்காலத்தில் ஒடுக்கமான பழைய அளவு டயரும் தாழ்ந்த கியரும் உள்ள வண்டி மேலே போய்விடும். பெருநிலத்து மோஸ்தரில் அகல டயர் மாட்டி ஆக்சிலைத் தொடாமல் விட்ட வண்டி பாதிச் சரிவில் கிளட்ச் தீய்ந்து நிற்கும்.