கலைக்கும் விளையாட்டுக்கும் கணக்குக் கேட்ட பிரிட்டன்

பிரிட்டனில் அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் இன்றைய முறைக்கு அடித்தளமிட்டவர் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன். 1861-ல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அமைந்தது. 1866-ல் தணிக்கைச் சட்டம் வந்தது. குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பது மரபு. துறையின் செயலாளரே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். 1983-ல் உருவான தேசியத் தணிக்கை அலுவலகம், செலவுக்கேற்ற பலன் கிடைத்ததா என்றும் ஆராய்கிறது.

கலையும் விளையாட்டும் 1992-ல் ஒரே துறையின் கீழ் வந்தன. அத்துறைக்குக் கடும் சோதனையாக அமைந்தது, 2000-ல் லண்டன் கிரீனிச்சில் நடந்த மில்லினியம் டோம் கண்காட்சி. 1.2 கோடிப் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 65 லட்சம் பேர். 39.9 கோடி பவுண்டாக இருந்த லாட்டரி நிதி மானியம் 62.8 கோடியாக உயர்ந்தது. பார்வையாளர் இலக்கே அளவுக்கு மீறிய துணிச்சல் என்பதைத் தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியது.

அடுத்து வந்தது 2012 ஒலிம்பிக். போட்டியை நடத்தும் உரிமை கோரியபோது போட்ட மதிப்பீட்டில் மதிப்புக்கூட்டு வரியும், எதிர்பாராச் செலவுக்கான பெரும் ஒதுக்கீடும் இடம்பெறவில்லை. 2007 மார்ச்சில் அரசு நிதி 932.5 கோடி பவுண்டு என அறிவிக்கப்பட்டது. இம்முறை தணிக்கையாளர்கள் போட்டி முடியும்வரை காத்திருக்கவில்லை. பணிகள் நடக்கும்போதே அடுத்தடுத்து அறிக்கை அளித்தார்கள். திருத்திய ஒதுக்கீட்டுக்குள் செலவு அடங்கியது.