அம்மியும் நாற்பது வாட் பல்பும்

முத்துக்கு வரலாறு உண்டு. கொற்கையை ஆண்ட பாண்டியன், 1530களில் இந்தக் கரையில் கால் ஊன்றிய போர்ச்சுக்கீசியன், பிறகு டச்சுக்காரன், அதற்கும் பிறகு வெள்ளைக்காரன் என்று எல்லோரும் ஏட்டில் இருக்கிறார்கள். 1961-ல் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு வரைக்கும் சிப்பிக்குக் கணக்கு இருக்கிறது. அதே கடற்கரையில் அன்றாடம் அம்மியில் அரைத்த கைகளுக்கு எந்த ஏட்டில் இடம் இருக்கிறது?

நம்ம ஊர் மீன்குழம்பின் சிவப்பே கப்பலில் வந்ததுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்த நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். வந்த மிளகாய் விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துக் கரிசலில் வேர் பிடித்தது. வெயிலில் குனிந்து பழம் பறிக்கும் கூலி வேலை நம்ம தெருப் பொம்பளைகளுக்கு வந்தது. பறித்ததை அரைக்கும் வேலையும் சேர்ந்தே வந்தது. அதற்குக் கூலி கிடையாது.

எங்கம்மா உப்பளத்துக்குப் போனவள். விடியும் முன்னே இருட்டில் கிளம்புவாள். உப்புத் தண்ணியில் நின்று உள்ளங்கையும் பாதமும் வெடித்திருக்கும். வேலை முடிந்து வந்ததும் அம்மி முன்னால் உட்காருவாள். உப்பு அறுத்த கையில் வத்தல் காரம் இறங்கும். அரைத்து முடித்துத் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு கையை ஊதிக்கொண்டிருப்பாள். 'எரியுதாம்மா?' என்று கேட்டால், 'எரியுதுன்னா யாரு அரைப்பா?' என்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஆம்பிளப் பிள்ளை. பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

சாதி எதில் புகுந்தது என்று பார்க்க வேண்டுமானால் அரைப்பதிலும் பார்க்கலாம். பண்ணை வீட்டுக் களத்தில் நெல்லுக் குத்தவும், தொழுவத்தோரம் தவசம் புடைக்கவும் நம்ம பொம்பளைகள் வேண்டும். உள்கட்டில் மசாலா அரைக்கவும் மாவாட்டவும் அவர்கள் கூடாது. உலர்ந்த தானியத்துக்குத் தீட்டில்லை, தண்ணி பட்டால் தீட்டு! நம்மவர்கள் குத்திக் கொடுத்த அரிசியைத்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். உலையில் போட்ட பிறகு அதே கை தொடக் கூடாது. பின்னால் அரிசி மில் வந்தது. குத்துக் கூலியும் போயிற்று. மிஷின் வந்தாலே விடுதலை வந்துவிடும் என்று நாம் பேசிவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

கல்யாணத்தில் பெண்ணை அம்மி மிதிக்கச் சொல்கிறது வைதீகம். கல்லைப் போல உறுதியாக இரு என்பது அதற்குச் சொல்லும் விளக்கம். மிதித்த மறுநாளிலிருந்து அந்தக் கல்லோடுதான் அவள் வாழ்வு என்பது விளக்கத்தில் வராது.

கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-ல் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். 1963-ல் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் 'சுமீத்' மிக்ஸியைக் கொண்டுவந்தார். அவர் மனைவி வைத்திருந்த வெளிநாட்டு மிக்ஸி நம் நாட்டு அரைப்புக்குத் தாங்காமல் பழுதானதுதான் தொடக்கம். மஞ்சளையும் வத்தலையும் ஊறிய உளுந்தையும் அரைக்க வலுவான மோட்டார் தேவைப்பட்டது. நடுத்தர வர்க்க அடுப்படியில் கல் ஓரங்கட்டப்பட்டது இப்படித்தான். இன்று காய் நறுக்க, தேங்காய் துருவ, மாவு பிசைய என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஃபுட் பிராசசரும் கடையில் இருக்கிறது.

சேரிக்கு அது ஏன் வரவில்லை? காசு மட்டும் காரணமல்ல. 1979-ல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அலகுக்கு 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள் அமைந்தன. அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த குடிசைகளுக்கு அரசு தந்தது 'ஒரு விளக்கு' இணைப்பு. ஒரு பல்பு, நாற்பது வாட். மிக்ஸிக்கு வேண்டியதோ ஐந்நூறு வாட். வெளிச்சம் இனாம், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் அரைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மீறி நம் வீட்டுக்குள் மிஷின் வந்தால் என்ன நடந்தது? 1995 ஆகஸ்ட் 31. அன்றைய சிதம்பரனார் மாவட்டத்துக் கொடியன்குளம். வெளிநாட்டுக்குப் போய் உழைத்து அனுப்பிய பணத்தில் தலைநிமிர்ந்த பள்ளர் ஊர். நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்தார்கள். டி.வி.யையும் மின்விசிறியையும் தையல் மிஷினையும் உடைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் எரித்தார்கள். குடிக்கிற கிணற்றில் விஷம் கலந்ததாகச் சனங்கள் சாட்சி சொன்னார்கள். குற்றவாளியைத் தேடி வந்தவனுக்குத் தையல் மிஷினில் என்ன வேலை? தலித் வீட்டில் ஒரு பொருள் ஓடுவது, கல்லும் மண்வெட்டியும் மட்டுமே இருக்க வேண்டிய கைகள் ஓய்வது, அதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. 'இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்' என்று எழுதினார்கள். எழுதியவர்கள் வீட்டில் மிக்ஸி நுழைந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்த அன்று அம்மா முதலில் வத்தலைத்தான் போட்டாள். சுற்றி நின்றதும் மூடியைத் திறந்து, விழுதை எடுக்காமல், தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

எம்.ஏ. தமிழ் முடித்த மிதப்பில் ஒரு கூட்டத்தில் நான் 'அம்மியின் ருசி, உழைக்கும் மக்களின் பண்பாடு' என்று பேசினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: 'ருசி வேணும்னா நீ உக்காந்து அரைல.' நான் உட்காரவில்லை. மிக்ஸி வந்த பிறகும் அதன் ஸ்விட்சைப் போடுவது அம்மாதான். கல் போயிற்று, அடுப்படி போகவில்லை. மிச்சமான நேரமும் உப்பளத்தில் இன்னொரு பாத்தி வாருவதற்குப் போயிற்று.

எனவே தோழர்களே, இழந்த அம்மிக்காக இரங்கற்பா பாடுவதை நிறுத்துவோம். நம் வரலாற்றை எழுதுகிறவர்கள் களத்தையும் கலவரத்தையும் எழுதுவதோடு, யார் அரைத்தார்கள், எத்தனை வருஷம் அரைத்தார்கள், கை எரிந்தபோது யார் சும்மா இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கடைசிப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.