'ஸ்டவ் வெடித்தது' என்ற வாக்கியம்

எங்கள் லாஸ்பேட்டை வீட்டுப் பரணில் பழைய பித்தளை பம்ப் ஸ்டவ் ஒன்று கிடக்கிறது. கேஸ் வருவதற்கு முன்பு அம்மா அதில்தான் சமைத்தார். ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பின் குத்தி, பம்ப் அடித்து, அது 'உஸ்ஸ்' என்று சீறத் தொடங்கும்வரை எங்களைக் கிட்டே விடமாட்டார். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி அன்றைய நாளிதழ்களில் அடிக்கடி வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் அம்மா ஒன்றைக் கேட்பார்: "அதென்னடி, மாமியாருக்கு மட்டும் ஸ்டவ் வெடிக்கவே மாட்டேங்குது?"

இந்தக் கேள்வியை அம்மா மட்டும் கேட்கவில்லை. எத்தனையோ சமையலறைகளில் பெண்கள் இதைக் கேட்டார்கள். சட்டம் அதைக் கேட்பதற்குத்தான் நெடுங்காலம் ஆனது.

1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய 'பிரைமஸ்' அடுப்பின் வழிவந்ததே நம் பம்ப் ஸ்டவ். விறகுப் புகையில் கண் எரிந்துகொண்டிருந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதில் ஆபத்தும் இருந்தது. மண்ணெண்ணெய்த் தொட்டிக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிறோம். நாசில் அடைத்துக்கொண்டாலோ, வாஷர் தேய்ந்தாலோ, எரியும்போதே எண்ணெய் ஊற்றினாலோ விபத்து நேரும். அடுப்பு தரையில் இருந்தது. முந்தானையும் அதே உயரத்தில் இருந்தது. நைலான், பாலியஸ்டர் புடவைகள் வந்தபின் ஆபத்து கூடியது. அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே எல்லாச் சாவும் கொலை அல்ல. விபத்தும் உண்டு, தானே தீ வைத்துக்கொண்டதும் உண்டு, எரிக்கப்பட்டதும் உண்டு. 'ஸ்டவ் வெடித்தது' என்ற ஒரே வாக்கியம் இந்த மூன்றையும் மூடியது. உண்மையிலேயே வெடித்திருந்தால் தொட்டி பிளந்திருக்கும், சுவரில் அதன் அடையாளம் இருக்கும். 'அந்த ஸ்டவ் எங்கே?' என்று கேட்டாலே பல வழக்குகள் திசை மாறியிருக்கும்.

அந்தக் கேள்வி 1979இல் தில்லித் தெருக்களில் எழுந்தது. தர்விந்தர் கௌர் என்ற இளம்பெண் எரிந்து இறந்ததை எதிர்த்து, 'ஸ்திரீ சங்கர்ஷ்' அமைப்பினர் அவருடைய புகுந்த வீட்டின் முன்பே ஊர்வலம் நடத்தினார்கள். 'வீட்டு விவகாரம்' அன்று வாசலுக்கு வந்தது. அதே ஆண்டு மகளை நெருப்பில் பறிகொடுத்த சத்யராணி சத்தா, 30 ஆண்டுகளுக்கும் மேல் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார்.

இப்படிப்பட்ட போராட்டங்களால்தான் சட்டம் நகர்ந்தது. 1983இல் 498ஏ பிரிவு வந்தது. கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமை குற்றமானது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் சந்தேகமான முறையில் இறந்தால் பிரேதப் பரிசோதனை கட்டாயமானது. 1986இல் வரதட்சணைச் சாவு 304பி என்ற தனிக் குற்றமானது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 85, 80 ஆகிய பிரிவுகள்.

பிறகும் கணக்கு சரியாகவில்லை. பிராச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் ஆகியோர் 2009இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2001இல் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்கள். காவல்துறைக் கணக்கைப் போல இது ஆறு மடங்கு.

ஏன் இந்த இடைவெளி? தீப்புண் வார்டில் கிடக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மரண வாக்குமூலம் வாங்க நடுவர் வருகிறார். வராந்தாவில் புகுந்த வீட்டார் நிற்கிறார்கள். தான் போய்விட்டால் பிள்ளைகள் அவர்களிடம்தான் வளரவேண்டும். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்கிறாள். அவள் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடிந்த உயில் அது ஒன்றுதான்.

இன்று ஸ்டவ் போய் சிலிண்டர் வந்துவிட்டது. லாஸ்பேட்டையின் ஒற்றை அறை வாடகைப் போர்ஷன்களில் சிலிண்டருக்கும் படுக்கைக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. ஆகவே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906ஐ அழையுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழாயையே வாங்கி, காலாவதியாகும் முன் மாற்றுங்கள். புடவையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருளுங்கள். புண்ணில் பற்பசையோ மையோ வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும்.

இவற்றைப் பெண்களிடம் மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குழாய் மாற்றக் காசு யார் கையில் இருக்கிறது? சமையலறைக்கு ஜன்னல் வேண்டாம் என்று முடிவு செய்தவர் யார்? வீட்டுக்காரரிடம் வயரிங்கைச் சரிசெய்யச் சொல்லும் துணிச்சல் யாருக்கு வாய்க்கிறது? அடுப்பைப் பற்றவைப்பவள் ஒருத்தி, அடுப்படியைப் பற்றி முடிவெடுப்பவர் இன்னொருவர் என்றிருக்கும்வரை, 'கவனமாக இரு' என்பது அறிவுரையாக இருக்காது, பழியை முன்கூட்டியே அவள் தலையில் கட்டுவதாகவே இருக்கும்.

வரதட்சணைச் சாவு வழக்கில், இறப்பதற்குச் சற்று முன்பும் அவள் துன்புறுத்தப்பட்டாள் என்று காட்டவேண்டும். அந்தச் சாட்சி பெரும்பாலும் அம்மாவிடமும், அக்காவிடமும், பக்கத்துப் போர்ஷன் பெண்ணிடமும்தான் இருக்கிறது. "புருஷன் வீட்டுல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று சொல்லி அனுப்புமுன் அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அவள் அனுப்பும் செய்திகளை அழித்துவிடாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை, தீயணைப்பு நிலையத்தின் 101ஐப் போலவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல வீடுகளில் இரண்டும் ஒரே தீக்குத்தான் தேவைப்படுகின்றன.