லைனா வரிசைக்கு ஓர் இரங்கல்

நியூயார்க் மாநிலம், இத்தாக்கா. இங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஐஸ் ஹாக்கி சீசன் டிக்கெட்டுக்காக மாணவர்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்த ஒரு வரிசை இருந்தது. ‘வரிசை’ என்றாலே போதும், எந்த வரிசை என்று யாரும் கேட்க மாட்டார்கள். டிக்கெட் விற்பனை இணையத்துக்குப் போனதோடு அதன் ஆயுள் முடிந்தது.

அப்படிக் காத்துக் கிடக்கக் காரணம் இருந்தது. 1957இல் திறந்த லைனா ஹாக்கி அரங்கம் சின்னது. 2006இல் விரிவாக்கும் வரை அதில் 4,000 பேருக்குக்கூட இடமில்லை. அணியோ பெரியது. நெட் ஹார்க்னஸ் பயிற்சியில் 1967இல் தேசியப் பட்டம் வென்றது. அப்போது கோல் காத்த கென் டிரைடன், கார்னெலுக்காக 76 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றவர். 1969-70 சீசனில் ஆடிய 29 ஆட்டங்களிலும் வெற்றி. தோல்வியோ சமனோ இல்லாமல் பட்டம் வென்ற வேறொரு அணி அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவு ஆண்கள் ஹாக்கியில் இன்றுவரை இல்லை. கார்னெல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பனித்தளத்தில் ஆடுகிறவன் காலையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டவன்.

சீசன் தொடங்குமுன் வரிசை கூடும். போர்வை, தலையணை, பாடப்புத்தகம், சீட்டுக்கட்டு எல்லாம் வந்து சேரும். ஆளுக்கொரு எண். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் கணக்கு எடுப்பார்கள். அந்த நேரம் இல்லாதவனுக்கு இடம் போயிற்று. பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களும் வந்து பேசிவிட்டுப் போவதுண்டு. இந்தக் காத்திருப்பில்தான் முதலாண்டுப் பிள்ளை அரங்கத்து வழக்கங்களை எல்லாம் மூத்தவர்களிடம் கற்றுக்கொள்ளும். எதிரணியின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும், தாளைச் சரசரக்க வேண்டும், ‘சலிப்பாக இருக்கிறது’ என்று கத்த வேண்டும். எதிரணிக் கோல்காவலன் ஒரு கோல் விட்டால் அரங்கமே அவனைப் பார்த்து ‘சல்லடை’ என்று கூவும். ஆட்டம் முடியும்வரை மாணவர் பகுதியில் யாரும் உட்காரக் கூடாது.

ஹார்வர்டு வரும் நாள் தனி. கார்னெலை வெறும் விவசாயக் கல்லூரி என்று கேலி செய்து ஹார்வர்டு தரப்பு 1970களில் கோழியைக் கொண்டுவந்தது. பாஸ்டன் பக்கத்துக் கடற்கரையை நினைவூட்டி கார்னெல் மாணவர்கள் பதிலுக்கு மீனை வீசினார்கள். சட்டைக்குள் மீனை ஒளித்துக் கொண்டுபோவது ஒரு கலையாகவே வளர்ந்தது.

வரிசையை நிறுத்தியதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பை விட்டுவிட்டுக் காத்துக் கிடக்க எல்லோராலும் முடியாது. ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டவர்கள், மாலையில் வேலைக்குப் போய்ப் படிப்பவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் எல்லோருக்கும் இணைய விற்பனை கதவைத் திறந்துவிட்டது. அந்த அளவில் அது நல்லதுதான். ஆனால் வரிசையில் நின்று வாங்கிய டிக்கெட்டை யாரும் வீணாக்க மாட்டார்கள். கூடப் படுத்துத் தூங்கியவர்கள் அருகருகே இடம் எடுத்தார்கள். ஒருவன் ஆட்டத்துக்கு வராவிட்டால் நாலு பேர் விசாரித்தார்கள். இணையத்தில் வாங்கியவனை யார் தேடப்போகிறார்கள்? வெளியே பனி கொட்டும் சனிக்கிழமை இரவில் விடுதி அறையிலேயே கணினியில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், அவனை அரங்கத்துக்கு இழுத்து வர ஹார்வர்டைப் போல ஒரு பெரிய பெயர் தேவைப்படுகிறது. சாதாரண ஆட்டங்களுக்கும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது வரிசைதான் என்பது என் கணிப்பு.

இரவெல்லாம் காக்க வைக்கும் வழக்கம் திரும்ப வேண்டாம். டிக்கெட் இணையத்திலேயே விற்கட்டும். சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மாலை மட்டும் டிக்கெட் வாங்கிய மாணவர்களை லைனாவுக்குள் கூப்பிட்டு, மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும், எந்தப் பகுதியில் யாரோடு நிற்பது என்று அவர்களே பேசி முடிவு செய்யவும் விடலாம். பல்கலைக்கழகத்துக்கு இதில் பெரிய செலவு ஒன்றுமில்லை.