பத்துத் தோட்டாக்கள்

கணபதியை நமக்குத் தெரியும். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலச் சட்டத்தில் அதுக்கு மரண தண்டனைதான். அதே சட்டத்தில் சிக்கித் தப்பிய சாம்பசிவத்தை எங்க ஜொகூரிலேயே பலருக்குத் தெரியாது.

1948இல் ஜொகூரில் நடந்த ஒரு மோதலில் காயத்தோடு பிடிபட்டவர் அவர். குற்றச்சாட்டு இரண்டு: துப்பாக்கி ஏந்தியது, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது. தோட்டா வழக்கில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை. அங்கே அரசுத் தரப்பு ஒரு வாக்குமூலத்தை நீட்டியது. துப்பாக்கி, தோட்டா இரண்டுமே தன்னிடம் இருந்ததாக அவர் சொன்னதாம். தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதை, நீதிபதியோடு அமர்ந்திருந்த அசெசர்களிடம் யாரும் சொல்லவில்லை. கிடைத்தது தூக்கு.

நான் பொறியியல் படித்தவன், சட்டம் தெரியாது. ஆனா ஒரு அறிக்கையில் பாதி ஏற்கப்படவில்லை என்றால், மீதிப் பாதியையும் சந்தேகத்தோடுதானே பார்ப்போம்? லண்டன் பிரிவி கவுன்சிலும் 1950இல் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. விடுதலைத் தீர்ப்பு வெறும் தப்பித்தல் இல்லை. அதே ஆளை அடுத்து விசாரிக்கும்போதும் அது அரசுத் தரப்பைக் கட்டுப்படுத்தும் என்றது. தண்டனை ரத்தானது.

இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் 'சாம்பசிவம்' என்ற பெயரை மேற்கோள் காட்டுகின்றன. வெடிக்காத பத்துத் தோட்டாக்கள்தான் அவர் உயிரைக் காப்பாற்றின. கணபதியோடு அவரையும் சேர்த்தே நினைக்கணும்.