கருவுற்ற காலம் காத்த நரம்புகள்

1930ஆம் ஆண்டில், பெங்களூருவில் ஆறாண்டுகள் இயங்கிவந்த மைசூர் மருத்துவக் கல்லூரி மைசூருக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டில் லண்டனில் கை மேரியன் என்னும் உயிர்வேதியியலாளர், கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரியால் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும், மருத்துவர்களை நெடுங்காலம் தடுமாறச் செய்த கேள்வி ஒன்று பின்னாளில் அந்த ஹார்மோனிடமே வந்து நின்றது: மல்டிபிள் ஸ்களிரோசிஸ் உள்ள பெண் தாயாகலாமா?

1868இல் பாரிசில் ஷார்கோ விளக்கிய இந்நோயில், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக, அதுவும் பிள்ளைப்பேற்றுக்குரிய வயதில் பற்றுகிறது. கருவுற்றால் நோய் முற்றும் என்று அஞ்சிய மருத்துவர்கள் பலர், பிள்ளையே வேண்டாம் என்று அறிவுறுத்தினர்.

அந்த அச்சத்தை 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு தகர்த்தது. 254 பெண்களைத் தொடர்ந்து கண்காணித்ததில், கருவுறுமுன் ஆண்டுக்கு 0.7 ஆக இருந்த நோய்த்தாக்க வீதம் கடைசி மூன்று மாதங்களில் 0.2 ஆகக் குறைந்தது; பிரசவத்திற்குப் பிந்தைய மூன்று மாதங்களில் 1.2 ஆக உயர்ந்தது. தந்தையின் கூறுகளையும் உடைய கருவைத் தாயின் உடல் நிராகரிக்காதிருக்க, அவளது நோயெதிர்ப்பு ஆற்றல் தன்னைத் தணித்துக்கொள்கிறது. அக்காலத்தில் நஞ்சுக்கொடி பெருமளவில் சுரக்கும் ஈஸ்ட்ரியால், குழந்தை பிறந்ததும் விரைவில் வீழ்ந்துவிடுகிறது.

அமெரிக்க மருத்துவர் ரோண்டா வோஸ்குல் இதனையே மருந்தாக்க முனைந்தார். 2016இல் வெளியான அவரது ஆய்வில் 164 பெண்கள் பங்கேற்றனர். வழக்கமான ஊசிமருந்துடன் ஈஸ்ட்ரியாலும் பெற்றோரிடம் ஆண்டுத் தாக்க வீதம் 0.25, வெற்று மாத்திரை பெற்றோரிடம் 0.37. நம்பிக்கை தரும் முடிவு. எனினும் அது வழக்கமான சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை.

இந்தியாவில் இந்நோய் மிக அரிது என்றே முன்னர் கருதப்பட்டது. மைசூர் அமைந்த அதே கர்நாடகத்தின் மங்களூருவில் லேகா பண்டிட் குழுவினர் மேற்கொண்ட கணக்கெடுப்பு, இலட்சம் பேருக்குச் சுமார் 8 பேர் என்று 2014இல் காட்டியது. இதனை ஒத்துத் தோன்றும் நியூரோமையலைடிஸ் ஆப்டிகா என்ற நோயும் அங்கே பதிவாயிற்று. அதுவும் பெண்களையே பெரிதும் தாக்குவது. ஆனால் கருவுற்ற காலம் அதற்கு அத்தகைய காப்பு அளிப்பதில்லை. 2004இல் கண்டறியப்பட்ட எதிர்ப்பொருளைக் கொண்டு இரண்டையும் இன்று பெரும்பாலும் பிரித்தறியலாம்.

ஆகவே, பார்வை மங்கி வரும் இளம்பெண்ணிடம் பிள்ளைப்பேறு பற்றிப் பேசுமுன், அவளுக்குற்ற நோய் எது என்று உறுதிசெய்வதே மருத்துவரின் முதற்கடமை.